கான்ஸ்டபிள் நாடு: ஓவியத்தைத் தேடி வருபவர்கள் காணாத ஆறு

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் சஃபோக், எசெக்ஸ் ஆகிய இரு மாவட்டங்களுக்கு எல்லையாக ஓடும் ஆறு ஸ்டவர். அதன் கீழ்ப்பள்ளத்தாக்கும் அதையொட்டிய டெடம், ஈஸ்ட் பெர்கோல்ட், ஃபிளாட்ஃபோர்டு ஆகிய ஊர்களும் சேர்ந்த பகுதி 'கான்ஸ்டபிள் நாடு' என்று அழைக்கப்படுகிறது. 'நாடு' என்பது இங்கே தேசத்தைக் குறிப்பதல்ல. கொங்கு நாடு, நாஞ்சில் நாடு என்று சொல்வதைப்போல ஒரு வட்டாரத்தின் பெயர். நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் (1776–1837) பிறந்து வளர்ந்த பகுதி இது. அவருடைய புகழ்பெற்ற ஓவியங்களில் பெரும்பாலானவை இந்தச் சில கிலோமீட்டர் பரப்புக்குள் அடங்கிவிடும்.

இந்தப் பெயர் சுற்றுலாத் துறை பின்னாளில் சூட்டியதல்ல. கான்ஸ்டபிள் உயிரோடு இருந்தபோதே வழக்கில் இருந்தது. 1832-ல் அவர் குதிரைவண்டியில் டெடம் பள்ளத்தாக்கைக் கடந்து செல்லும்போது, நிலம் அழகாக இருக்கிறது என்று உடன் பயணம் செய்தவர்களிடம் சொன்னார். ஆமாம், இது கான்ஸ்டபிளின் நாடு அல்லவா என்று அவர்களில் ஒருவர் பதில் சொன்னார். அதற்குப் பிறகே தான் யார் என்பதை அவர் தெரிவித்தார். தன் ஓவியங்களை அச்சுப்படங்களாகச் செதுக்கிய டேவிட் லூகாஸுக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதைக் குறிப்பிட்டிருக்கிறார். ஓர் ஓவியரின் பெயரால் ஒரு நிலம் அறியப்படுவது பெருமைதான். ஆனால் அன்றுமுதல் அந்த நிலத்தை அந்த ஓவியரின் கண் வழியாக மட்டுமே பார்க்கும் வழக்கமும் தொடங்கிவிட்டது. இன்று அங்கே செல்பவர்களில் பெரும்பாலோர் பார்ப்பது ஆற்றை அல்ல, ஓர் ஓவியத்தை. அந்த ஓவியத்தையும் அவர்கள் சரியாகப் பார்க்கிறார்களா என்பது அடுத்த கேள்வி.

செல்லும் வழி

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து ரயிலில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணிநேரத்தில் மானிங்ட்ரீ. அங்கிருந்து ஆற்றோரமாக ஃபிளாட்ஃபோர்டுக்கு நடந்தே போகலாம். தாழ்ந்த புல்வெளிகள், மேயும் மாடுகள், கரையில் வில்லோ மரங்கள். மலையோ அருவியோ திகைக்கவைக்கும் எதுவுமோ கிடையாது. இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள ஏரிப் பகுதிக்குக் கவிஞர்களைத் தேடிச் செல்பவர்களுக்கு மலைகள் தரும் பிரமிப்பு இங்கே கிடைக்காது. கான்ஸ்டபிளும் ஏரிப் பகுதிக்கு 1806-ல் சென்று வரைந்தவர்தான், ஆனால் அந்த மலைகளுக்கு அவர் திரும்பிப் போகவில்லை.

ஃபிளாட்ஃபோர்டு ஊர் என்று சொல்லத்தக்க அளவில் பெரியதல்ல. மரத்தாலான நடைபாலம், அதன் அருகே கூரை வேய்ந்த பழைய குடிசை, படகுகளை ஏற்றி இறக்கும் மதகு, செங்கல் ஆலை, ஆலையைத் தாண்டி ஒரு குட்டை, குட்டையின் மறுகரையில் வெள்ளைச் சுவருடன் ஒரு பண்ணைவீடு. அவ்வளவுதான். பயணிகள் பாலத்தையும் மதகையும் கடந்து ஆலையின் முன்முற்றத்துக்கு வந்து குட்டையின் ஓரம் நிற்கிறார்கள். எதிரே இருப்பது வில்லி லாட்டின் வீடு. கையிலிருக்கும் அஞ்சலட்டைப் படத்தையோ கைப்பேசித் திரையையோ உயர்த்திப் பிடித்து ஒப்பிடுகிறார்கள். வீடு அப்படியே இருக்கிறது, வண்டியும் குதிரைகளும்தான் இல்லை. ஒப்பீடு முடிந்ததும் தேநீர்க் கடைக்குத் திரும்புகிறார்கள்.

'தி ஹே வெய்ன்'

அந்த அஞ்சலட்டையில் இருப்பது 1821-ல் கான்ஸ்டபிள் வரைந்த 'தி ஹே வெய்ன்'. ஏறத்தாழ 130 செ.மீ. உயரமும் 185 செ.மீ. அகலமும் உள்ள எண்ணெய் வண்ண ஓவியம் இது. இதை 'வைக்கோல் வண்டி' என்று தமிழில் சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. வைக்கோல் என்பது கதிரடித்த பிறகு மிஞ்சும் தாள். இந்த வண்டி ஏற்றப்போவது கோடையில் அறுத்து வெயிலில் காயவைத்த புல். ஆகவே 'உலர்புல் வண்டி' என்பதே பொருத்தம். ஓவியத்தில் வண்டி காலியாகத் தண்ணீரில் நிற்கிறது. குதிரைகள் இளைப்பாறவும், வெயிலில் மரம் சுருங்கி இரும்புப் பட்டை கழன்றுவிடாமல் சக்கரங்கள் நனையவும் அப்படி நிறுத்தியிருக்கலாம் என்று விளக்குவார்கள். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

லண்டன் ராயல் அகாடமியில் இந்த ஓவியம் காட்சிக்கு வந்தபோது அதற்கு இடப்பட்ட தலைப்பு 'நிலக்காட்சி: நண்பகல்' என்பதுதான். அப்போது யாரும் வாங்கவில்லை. பிரெஞ்சு வணிகர் ஜான் ஆரோஸ்மித் 1824-ல் இதையும் இன்னும் இரண்டு ஓவியங்களையும் சேர்த்து 250 பவுண்டுக்கு வாங்கிச் சென்றார். அதே ஆண்டு பாரீஸ் கண்காட்சியில் அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1886-ல் ஹென்றி வாகன் என்னும் சேகரிப்பாளர் வழங்கியபின் லண்டன் தேசிய ஓவியக்கூடத்துக்கு உரியதாயிற்று. இங்கிலாந்தின் கிராமப்புறம் என்றதும் நினைவுக்கு வரும் படமாக அது மாறியது அதற்குப் பிறகுதான். பிஸ்கட் டப்பாக்களிலும் நாள்காட்டிகளிலும் தட்டுகளிலும் அச்சாகி அச்சாகி, ஒரு காலத்தில் பாரீஸ் ஓவியர்களைத் திடுக்கிட வைத்த அதன் வண்ணப்பூச்சு யாருக்கும் கண்ணில் படாமல் போய்விட்டது.

இந்த ஓவியம் ஃபிளாட்ஃபோர்டில் வரையப்படவில்லை. லண்டன் கெப்பல் தெருவில் இருந்த வீட்டில், பல ஆண்டுகளுக்கு முன் ஊரில் வரைந்த சிறு ஓவியங்களையும் குறிப்பேடுகளையும் வைத்துக்கொண்டு தீட்டினார். வண்டியின் அமைப்பு சரியாக நினைவில் இல்லாததால், ஊரிலிருந்த இளைய ஜான் டன்தோர்ன் ஒரு வண்டியைப் பார்த்து வரைந்து அனுப்பினார். இறுதி ஓவியத்துக்கு முன் அதே அளவில் ஒரு முன்வரைவு முழுவதும் தீட்டப்பட்டது. அது இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முன்வரைவில் கரையோரம் நாயின் அருகே குதிரைமேல் ஒருவர் இருக்கிறார், இறுதி ஓவியத்தில் அவர் இல்லை. ஆகவே குட்டையின் ஓரம் நின்று ஒப்பிடுபவர் தேடும் அந்தத் தருணம் ஒருபோதும் அந்த இடத்தில் நிகழ்ந்ததல்ல. அது நாற்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்த ஒருவர், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து, தன் இளமைக்கால ஊரைக் கட்டி எழுப்பியது.

இதை ஏமாற்று என்று சொல்லத் தேவையில்லை. 'தி கார்ன்ஃபீல்ட்' (1826) என்னும் ஓவியத்தில் அவர் சிறுவனாகப் பள்ளிக்கு நடந்த சந்தைத்தான் வரைந்தார். கோடையில் அங்கே பூக்கும் செடிகள் எவை என்று தாவரவியல் தெரிந்த நண்பர் ஹென்றி பிலிப்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆனால் வயலுக்கு அப்பால் தெரியும் தேவாலயம் அந்த இடத்தில் கிடையாது. அது அவர் சேர்த்தது. செடி சரியாக இருக்கவேண்டும், தேவாலயம் வேண்டிய இடத்துக்கு நகரலாம். இதுவே கான்ஸ்டபிளின் உண்மை. 'இயற்கையைக் கண்டபடியே வரைந்தவர்' என்று பாடநூல்கள் சொல்லும் வரி இந்த இரண்டில் ஒன்றை மட்டுமே பார்க்கிறது.

ஆலைக்காரரின் மகன்

ஃபிளாட்ஃபோர்டுக்குச் செல்பவர்கள் அநேகமாகக் கவனிக்காமல் விடுவது, கான்ஸ்டபிள் அந்த நிலத்துக்கு யார் என்பதை. அவருடைய தந்தை கோல்டிங் கான்ஸ்டபிள் தானிய வணிகர். ஃபிளாட்ஃபோர்டு ஆலையும் டெடம் ஆலையும் அவருடைய பொறுப்பில் இருந்தன. ஈஸ்ட் பெர்கோல்ட்டில் காற்றாலையும் இருந்தது. ஆற்றின் கழிமுகத்தில் மிஸ்ட்லி துறையிலிருந்து லண்டனுக்குத் தானியம் கொண்டுசெல்ல 'டெலிகிராஃப்' என்ற கப்பலும் அவருக்குச் சொந்தமாக இருந்தது. ஜான் சில காலம் ஆலைத் தொழிலில் பழகியவர். பின்னர் தம்பி ஏப்ரஹாம் தொழிலை ஏற்றுக்கொண்டதால் ஓவியம் படிக்க லண்டனுக்குப் போக முடிந்தது.

ஸ்டவர் ஆறும் அன்று வெறும் ஆறு அல்ல. 1705-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அது சட்பரியிலிருந்து மானிங்ட்ரீ வரை சரக்குப் படகுகள் செல்லும் நீர்வழியாக ஆக்கப்பட்டது. மதகுகள் கட்டப்பட்டன. அந்த நீர்வழியை நிர்வகித்த ஆணையர்களில் கோல்டிங்கும் ஒருவர். இரண்டிரண்டாகப் பிணைத்த தட்டையான படகுகளைக் கரையிலிருந்து ஒரு குதிரை இழுத்துச் செல்லும். மாவும் தானியமும் கீழே போயின, நிலக்கரி மேலே வந்தது. இன்றைய சொல்லில் சொன்னால் அது ஒரு நெடுஞ்சாலை. கான்ஸ்டபிள் குடும்பம் அந்தச் சாலையில் வண்டி ஓட்டிப் பிழைத்த குடும்பம்.

இது தெரிந்தபின் ஓவியங்கள் வேறுமாதிரி தெரியத் தொடங்கும். 'தி வைட் ஹார்ஸ்' (1819) ஓவியத்தில் ஒரு வெள்ளைக் குதிரை ஏன் படகில் நிற்கிறது? குதிரை நடக்கும் பாதை ஆற்றின் ஒரே கரையில் தொடர்ந்து செல்லவில்லை. பாதை கரை மாறும் இடங்களில் குதிரையைப் படகிலேற்றி அக்கரைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 'தி லீப்பிங் ஹார்ஸ்' (1825) ஓவியத்தில் குதிரை எதைத் தாண்டுகிறது? மாடுகள் ஒரு நிலத்திலிருந்து இன்னொரு நிலத்துக்குப் போகாமலிருக்கப் பாதையின் குறுக்கே தடுப்புகள் இருந்தன. படகுக் குதிரைகள் அவற்றைத் தாண்டப் பழக்கப்படுத்தப்பட்டவை. பார்ப்பவர்கள் வீரக்கதை ஒன்றின் காட்சி என்று நினைக்கும் அந்தப் பாய்ச்சல், ஒரு சரக்குக் குதிரை நாள்தோறும் செய்த வேலை. 'போட் பில்டிங்' (சுமார் 1815) ஓவியத்தில் ஆலைக்கு அருகே உலர்ந்த பள்ளத்தில் படகு கட்டுகிறார்கள். பெரும்பகுதியும் அந்த இடத்திலேயே இருந்து வரைந்தது. கருவிகளும் பலகைகளும் படகின் விலாக்கட்டைகளும் அந்தத் தொழிலை அறிந்த கண்ணால் பார்க்கப்பட்டிருக்கின்றன.

இவற்றில் மிகச் சிறந்தது 'ஃபிளாட்ஃபோர்டு மில்' (1816–17). இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1817-ல் அகாடமியில் அது காட்சிக்கு வந்தபோது இருந்த தலைப்பு 'படகுப் போக்குவரத்துள்ள ஆற்றின் ஒரு காட்சி' என்னும் பொருளுடையது. அழகான ஆறு என்றோ அமைதியான மாலை என்றோ சொல்லவில்லை. நடைபாலத்தின் அருகிலிருந்து மதகையும் ஆலையையும் பார்க்கும் கோணம். முன்னால் ஒரு குதிரை, அதன்மேல் ஒரு சிறுவன். இன்னொரு சிறுவன் இழுகயிற்றைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். பாலத்துக்கு அடியில் குதிரை படகை இழுத்துப்போக முடியாது. ஆகவே கயிற்றை அவிழ்த்துவிட்டுப் படகைக் கோலால் தள்ளிப் பாலத்தைக் கடத்தவேண்டும். முன்புறத்து மண்ணில் குச்சியால் கீறியதுபோல ஓவியர் தன் பெயரை எழுதியிருக்கிறார்.

'தி ஹே வெய்ன்' ஓவியத்தைவிட இதையே மேலானது என்று மதிப்பிட வேண்டும். காரணம் நுட்பம் அல்ல. பிந்தைய 'ஆறடி ஓவியங்கள்' எனப்படும் பெரிய ஓவியங்களில் மேகமும் ஒளியும் இலைகளும் இதைவிட வலிமையாக இருக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் 'ஃபிளாட்ஃபோர்டு மில்' ஓவியத்தில் ஒரு வேலை எப்படி நடக்கிறது என்பது தெரிகிறது. கயிறு எங்கே கட்டப்பட்டிருக்கிறது, ஏன் அவிழ்க்கப்படுகிறது, அடுத்து என்ன நடக்கும் என்பதெல்லாம் ஓவியத்திலேயே இருக்கிறது. 'தி ஹே வெய்ன்' ஓவியத்தில் வண்டி நிற்கிறது. நின்றுகொண்டே இருக்கிறது. அந்த அசையாமைதான் அதன் புகழுக்குக் காரணம். பார்ப்பவர் அதில் ஓய்வைக் காண்கிறார்.

வயலில் சிறுத்துப் போனவர்கள்

'தி ஹே வெய்ன்' ஓவியத்தின் வலப்பக்கம், புல்வெளியின் கடைசியில், வெண்மையான சிறு புள்ளிகள் தெரியும். உற்றுப்பார்த்தால் அவர்கள் புல் அறுத்து வண்டியில் ஏற்றும் கூலித் தொழிலாளர்கள். பயணிகள் கையிலிருக்கும் அஞ்சலட்டை அளவில் அவர்கள் தெரியவே மாட்டார்கள்.

அந்தப் புள்ளிகளைப் பற்றித்தான் கான்ஸ்டபிள் குறித்த முக்கியமான விவாதம் நடந்தது. ஆங்கில ஓவியத்தில் கிராமப்புற ஏழைகள் எவ்வாறு காட்டப்பட்டார்கள் என்பதை ஜான் பாரல் 1980-ல் வெளியான 'தி டார்க் சைடு ஆஃப் தி லேண்ட்ஸ்கேப்' நூலில் ஆராய்ந்தார். கான்ஸ்டபிள் தொழிலாளர்களைத் தொலைவில், முகமற்றவர்களாக, நிலத்தோடு கலந்துவிட்டவர்களாக வரைந்ததால்தான் அவருடைய நிலம் ஒழுங்கும் அமைதியும் உடையதாகத் தோன்றுகிறது என்பது அவர் வாதம். மைக்கேல் ரோசன்தால் 1983-ல் வெளியிட்ட நூல் அந்த ஆண்டுகளின் வேளாண்மை நெருக்கடியோடு ஓவியங்களை இணைத்துப் பார்த்தது.

நெருக்கடி உண்மையானது. 1815-ல் நெப்போலியனுடனான போர் முடிந்ததும் தானிய விலை சரிந்தது. படையிலிருந்து திரும்பியவர்கள் வேலை தேடி வந்தார்கள். கூலி குறைந்தது. குளிர்காலத்தில் தொழிலாளர்களுக்கு இருந்த ஒரே வேலையான கதிரடிப்பைக் கதிரடிக்கும் இயந்திரங்கள் பறித்தன. 1822-ல் சஃபோக்கிலும் நார்ஃபோக்கிலும் அந்த இயந்திரங்கள் உடைக்கப்பட்டன, வைக்கோற்போர்கள் எரிந்தன. ஊரில் அருகிலோ தொலைவிலோ தீ தெரியாத இரவே இல்லை என்று தம்பி எழுதியதை அந்த ஆண்டு ஏப்ரலில் கான்ஸ்டபிள் நண்பர் ஜான் ஃபிஷருக்குத் தெரிவித்தார். அந்த ஆண்டின் அகாடமி கண்காட்சியில் அவர் வைத்த பெரிய ஓவியம் டெடம் அருகே ஸ்டவர் ஆற்றைக் காட்டுவது. படகுகளைக் கோலால் தள்ளுகிறார்கள், வானத்தில் மேகம் நகர்கிறது. எங்கும் தீ இல்லை.

கான்ஸ்டபிளுக்குத் தெரியவில்லை என்று சொல்ல முடியாது. அவருக்குத் தெரிந்திருந்தது. தானிய விலையில் வாழ்ந்த குடும்பத்தின் மகன் அவர். 1832-ன் தேர்தல் சீர்திருத்தத்தைக் கடுமையாக எதிர்த்தவரும்கூட. பாரலின் விமர்சனம் இதுவரை சரியே.

ஆனால் அது ஓர் இடத்தில் போதாமல் போகிறது. தொலைவு எல்லா ஓவியங்களிலும் ஒன்றல்ல. 1815 கோடையில், தாய் இறந்த சில மாதங்களுக்குப் பின், தந்தையின் பூந்தோட்டத்தையும் காய்கறித் தோட்டத்தையும் இரு சிறு ஓவியங்களாக அவர் வரைந்தார். இரண்டும் இப்போது இப்ஸ்விச்சில் உள்ளன. இரண்டுமே வீட்டின் மாடிச் சன்னலிலிருந்து பார்த்து வரைந்தவை. தோட்டம், வேலி, அதற்கப்பால் வயல்கள், ஓரிடத்தில் அவர் மணக்க விரும்பிய மரியா பிக்னலின் தாத்தாவான பாதிரியாரின் இல்லம். அந்தத் திருமணத்துக்குத் தடையாக நின்றவர் அந்தப் பாதிரியார்தான். உடைமைக்காரர் வீட்டு மாடியிலிருந்து தெரியும் உலகம் இது, அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆற்றங்கரையில் அவர் நின்று வரையும்போது கதை மாறுகிறது. படகோட்டும் சிறுவன், கயிறு அவிழ்ப்பவன், படகு கட்டும் தச்சன் ஆகியோர் அருகில் வருகிறார்கள், கைகளோடும் கருவிகளோடும். குடும்பத் தொழிலில் அவர் கூடவே நின்று பார்த்தவர்கள் அவர்கள். வயலில் குனிந்திருப்பவர்களை அவர் மாடியிலிருந்தும் மேட்டிலிருந்தும் மட்டுமே பார்த்தார். கான்ஸ்டபிள் தொழிலாளர்களை மறைத்தார் என்பதைவிட, ஆற்றின் தொழிலாளர்களைக் கண்டு வயலின் தொழிலாளர்களைக் காணாமல் விட்டார் என்பதே துல்லியமானது. லண்டனில் ஆண்டுகள் செல்லச்செல்ல ஆற்றுக்காரர்களும் சிறுத்துப்போனார்கள்.

'தி கார்ன்ஃபீல்ட்' ஓவியத்தில் இதன் முடிவைக் காணலாம். முன்னால் ஆடு மேய்க்கும் சிறுவன் குப்புறப் படுத்து ஓடையில் நீர் குடிக்கிறான், ஆடுகளை நாய் பார்த்துக்கொள்கிறது. வயலின் வாயிற்கதவு கீலிலிருந்து கழன்று கிடக்கிறது. தச்சனும் உழவனும் அறிந்த நிலத்தில் இப்படி ஒரு கதவை அறுவடைக்காலத்தில் விட்டுவைக்க மாட்டார்கள். ஆலைக்காரரின் மகனுக்கு இது தெரியாமலிராது. ஓவியருக்கு அந்தக் கதவு அப்படிக் கிடப்பது பிடித்திருந்தது. அவர் இறந்த 1837-ல் நண்பர்களும் ரசிகர்களும் பணம் திரட்டித் தேசிய ஓவியக்கூடத்துக்கு வாங்கித் தந்தது இந்த ஓவியத்தைத்தான். அங்கே நுழைந்த முதல் கான்ஸ்டபிள் இதுவே.

சட்பரியும் மற்றவர்களும்

ஆற்றின் மேற்புறத்தில் சட்பரி. தாமஸ் கெய்ன்ஸ்பரோ 1727-ல் பிறந்த ஊர். அவர் பிறந்த வீடு 1961 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. கான்ஸ்டபிள் இளம் வயதில் ஒவ்வொரு வேலியிலும் மரத்திலும் கெய்ன்ஸ்பரோவைக் கண்டதாகச் சொன்னவர். அருகிலிருக்கும் பண்ணையொன்றில் வரையப்பட்ட 'திரு, திருமதி ஆண்ட்ரூஸ்' (சுமார் 1750) இன்று லண்டனில் இருக்கிறது. மரத்தடியில் புதுமணத் தம்பதியர், பக்கத்தில் ஒழுங்காக வரிசைவரிசையாக அறுத்துக் கட்டிய கதிர்க்கட்டுகள். அறுத்தவர் ஒருவரும் இல்லை. இவர்கள் இயற்கையை ரசிப்பவர்கள் அல்லர், நிலத்தின் உடைமையாளர்கள் என்று ஜான் பெர்ஜர் 1972-ல் 'வேஸ் ஆஃப் சீயிங்' நிகழ்ச்சியிலும் நூலிலும் சொன்னது பெரும் சர்ச்சையானது. இப்போது அது பள்ளிப் பாடமாகிவிட்டது. கெய்ன்ஸ்பரோவிடம் உடைமை கண்முன்னால் உட்கார்ந்திருக்கிறது. கான்ஸ்டபிளிடம் அது ஓவியத்துக்கு வெளியே, பார்ப்பவரின் இடத்தில் நிற்கிறது. இரண்டாவதே கண்டுபிடிக்கக் கடினமானது.

குதிரை ஓவியர் ஆல்ஃபிரட் மன்னிங்ஸ் 1919 முதல் 1959-ல் இறக்கும்வரை டெடமில் வாழ்ந்தார். அவர் வீடும் இப்போது அருங்காட்சியகம். நவீன ஓவியத்தைத் தாக்கி அவர் 1949-ல் அகாடமி விருந்தில் ஆற்றிய உரைதான் அவருடைய குதிரைகளைவிட அதிகம் நினைவுகூரப்படுகிறது.

பாதுகாக்கப்பட்ட காட்சி

ஃபிளாட்ஃபோர்டு ஆலையும் வில்லி லாட்டின் வீடும் 1943-ல் தேசிய அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்தன. 1946 முதல் அங்கே களக்கல்வி மையம் இயங்குகிறது. மாணவர்கள் தங்கித் தாவரங்களையும் நீர்நிலைகளையும் படிக்கிறார்கள். ஆகவே பயணிகள் பொதுவாக உள்ளே செல்ல முடியாது, வெளியே நின்று பார்க்கலாம். டெடம் பள்ளத்தாக்கு 1970-ல் இயற்கை எழில் மிக்க பகுதி என அரசால் அறிவிக்கப்பட்டுப் பாதுகாக்கப்படுகிறது. பரப்பளவு ஏறத்தாழ 90 சதுர கிலோமீட்டர். இந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் லண்டனிலிருந்து ஒரு மணிநேரத் தொலைவில் உள்ள நிலம் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது.

ஆனாலும் எதைப் பாதுகாக்க முடியும், எதை முடியாது என்பதற்கு அங்கேயே சான்று உண்டு. கான்ஸ்டபிள் மிகவும் நேசித்து வரைந்த எல்ம் மரங்கள் இன்று இல்லை. 1960-களின் இறுதியில் பரவத் தொடங்கிய பூஞ்சை நோய் இங்கிலாந்தின் எல்ம் மரங்களைக் கோடிக்கணக்கில் அழித்தது. ரயில் வந்தபின் படகுப் போக்குவரத்து தேய்ந்து நின்றுபோனது. வீடு நிற்கிறது, ஆலையின் சுவர் நிற்கிறது, வேலைதான் போய்விட்டது. வேலை போனபின் மிஞ்சியதையே பயணிகள் 'மாறாத கிராமம்' என்கிறார்கள்.

பிற்காலத்தில் இந்த ஓவியத்தைக் கையிலெடுத்த கலகக்காரர்களும் இதே பிழையைச் செய்தார்கள். பீட்டர் கென்னார்ட் 1980-ல் உலர்புல் வண்டியில் ஏவுகணைகளை ஏற்றி ஒட்டுப்படம் செய்தார். இங்கிலாந்தில் அமெரிக்க அணு ஏவுகணைகளை நிறுத்தும் திட்டத்துக்கு எதிரான படம் அது. இன்றும் கூர்மை குறையாதது. 2022 ஜூலையில் பருவநிலைப் போராட்டக்காரர்கள் இருவர் ஓவியத்தின்மேல் அச்சிட்ட வேறொரு படத்தை ஒட்டினார்கள். அதில் ஆறு இருந்த இடத்தில் தார்ச்சாலை, மேலே விமானங்கள். தூய இயற்கையைப் போக்குவரத்து அழிக்கிறது என்பது அதன் பொருள். ஆனால் அந்த ஆறு 1705-லேயே சாலையாகிவிட்டது. அந்தக் குட்டையின் பக்கத்திலேயே நாள்தோறும் நிலக்கரி ஏறியது. கென்னார்டின் படம் வெல்கிறது, ஏனெனில் அது வண்டியைச் சரக்கு வண்டியாகப் பார்க்கிறது. இரண்டாவது படம் தோற்கிறது, ஏனெனில் அது பிஸ்கட் டப்பாவை நம்புகிறது.

வில்லி லாட் தன் 88 ஆண்டு வாழ்வில் நான்கு இரவுகளே வீட்டைவிட்டு வெளியே தங்கினார் என்று ஃபிளாட்ஃபோர்டில் சொல்லப்படும் கதை எல்லா வழிகாட்டிப் புத்தகங்களிலும் உண்டு. ஈஸ்ட் பெர்கோல்ட் தேவாலய வளாகத்தில் அவர் கல்லறை இருக்கிறது, கான்ஸ்டபிளின் பெற்றோர் கல்லறையும் அங்கேதான். படகுக் குதிரைகளை ஓட்டிய சிறுவர்களின் பெயர்கள் எந்த வழிகாட்டியிலும் இல்லை. அவர்களைப் பார்க்க விரும்புபவர் குட்டையிலிருந்து திரும்பி, ஆலையையும் மதகையும் தாண்டி நடைபாலத்துக்கு வரவேண்டும். பாலத்தின் அருகே, பயணிகள் பெரும்பாலும் நிற்காமல் கடந்துபோகும் அந்தக் கரையில்தான், 1817-ன் ஓவியத்தில் அந்தச் சிறுவன் கயிற்றை அவிழ்க்கிறான்.